என் ஒருத்தி வீட்டுக் குப்பையால் என்ன ஆகிவிடும்? – வாசகர் கேள்வி பதில்

ஆறு ஆண்டுகளாக மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகத்தான் கொடுத்து வருகிறேன். காலையில் வரும் வண்டியில் இரண்டையும் என் கண் முன்னாலேயே ஒன்றாகக் கொட்டுகிறார்கள். இதைப் பார்த்த பிறகும் நான் ஏன் பிரிக்க வேண்டும்? என் ஒருத்தி வீட்டுக் குப்பையால் என்ன ஆகிவிடும்?
– சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. நான் குடியிருக்கும் தெருவிலும் மூன்று ஆண்டுகள் இதே கதைதான் நடந்தது. பிரிப்பதையே நிறுத்திவிடலாமா என்று ஒரு மழைக்காலத்தில் நானும் நினைத்தேன். பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் ஓரமாக ஒருநாள் நடந்துவிட்டு வந்த பிறகுதான் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள். தென்சென்னையில் பெய்யும் மழைநீர் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்வதற்கு இயற்கை ஒதுக்கி வைத்த தாழ்நிலம் அது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் அந்த இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் அங்குள்ள கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் அணையாமல் புகைந்தது. ஈரக் குப்பை காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அது பற்றிக்கொண்டால் தீ அடியில் கனன்றுகொண்டே இருக்கும்; மேலே எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் எளிதில் அடங்காது. அந்தப் புகை சுற்றியிருந்த வீடுகளுக்குள் போனது, அங்கே இருந்த குழந்தைகள் அதைத்தான் சுவாசித்தார்கள். வாழைப்பழத் தோலையும் சோற்று மிச்சத்தையும் பால் உறையோடு ஒன்றாகக் கட்டும்போது உரமாக வேண்டியதும் கெடுகிறது, மறுசுழற்சிக்குப் போக வேண்டியதும் கெடுகிறது. பின்னர் அந்தக் கிடங்கில் பல ஆண்டுக் குப்பையைத் தோண்டி, சலித்து, வகை பிரித்து நிலத்தை மீட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சமையலறையிலும் இரண்டு வாளிகள் இருந்திருந்தால், பெரும் செலவில் நடக்கும் அந்த வேலையில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூய்மைப் பணியாளரிடம் கோபப்படாமல், ஏன் இப்படிச் சேர்த்துக் கொட்டுகிறீர்கள் என்று ஒருநாள் நிதானமாகக் கேட்டோம். வண்டியில் தடுப்பு இல்லை, ஒரு தெருவுக்குக் கொடுக்கப்படும் நேரம் போதவில்லை, நாற்பது வீடுகளில் ஐந்து வீடுகள்தான் பிரித்துத் தருகின்றன என்று அவர் மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றாவது காரணம் எங்களைச் சுட்டது. முப்பத்தைந்து வீடுகள் கலந்து கொடுக்கும் தெருவில், ஏன் கலக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? இரண்டு மாதம் வீடு வீடாகப் போனோம். முப்பது வீடுகள் ஒப்புக்கொண்ட பிறகு வார்டு உறுப்பினரிடம் மனுக் கொடுத்தோம். வீட்டில் பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருப்பதை அந்த மனுவில் எடுத்துக் காட்டினோம். பதில் உடனே வந்துவிடவில்லை. மூன்று முறை நினைவூட்டிய பிறகே தடுப்பு வைத்த வண்டி வந்தது. நீங்கள் ஆறு ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தது வீண் போகவில்லை, அம்மா. கேள்வி கேட்கும் தகுதியை அதுதான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. இனிக் கேளுங்கள், கூடவே பத்து வீடுகளைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது மஞ்சப்பை கொண்டு போகிறேன். ஆனால் அந்தப் பைக்குள் நான் போட்டு வரும் பிஸ்கட், எண்ணெய், ஷாம்பு எல்லாம் பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கின்றன. இது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோடு எங்கே போடப்பட்டது என்பதை நீங்கள் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தூக்குப் பை, உறிஞ்சுகுழல், தேநீர்க் குவளை, தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவற்றோடு, துணி போலவே தோன்றும் நெய்யாத பைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு அப்போதே விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே தடையின் சுமை முதலில் விழுந்தது பூக்கடைக்காரம்மாவின் மீதும், தள்ளுவண்டி இட்லிக் கடையின் மீதும்தான். சோதனைக்கு வரும் அதிகாரி அபராதம் எழுதுவதும் அவர்களுக்குத்தான். பல அடுக்குகளாக ஒட்டப்பட்டு எந்த மறுசுழற்சிக்கும் எளிதில் உட்படாத சிறு உறைகளை நாடெங்கும் அனுப்பும் பெரிய ஆலைகளைப் பொறுத்தவரை, உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்ற நெறிமுறைகள் 2022-இல்தான் விரிவாக வந்தன. அந்தப் பொறுப்பு உங்கள் ஊரில் எப்படி நிறைவேறுகிறது என்று மாநகராட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பையை மறுப்பதைவிடக் கடினமான வேலை அது. ஆனாலும் செய்ய வேண்டியது.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தி விளைவிக்கத் தண்ணீர் நிறைய வேண்டும். ஒரு துணிப்பை பல நூறு முறை கடைக்குப் போய் வந்தால்தான் அதைத் தைத்ததற்கு அர்த்தம் உண்டு. திருமண வீடுகளில் மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தேங்காய் வெற்றிலையோடு கொடுக்கும் தாம்பூலப் பைகள் நம் அலமாரியில் முப்பது நாற்பது சேர்ந்துவிடுகின்றன. அவை அங்கேயே மடித்துக் கிடந்தால் அதுவும் வீண்தான். எங்கள் வீட்டுப் பைகளை நான் தெருமுனைக் காய்கறிக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். பை மறந்து வருகிறவர்கள் எடுத்துப் போகிறார்கள், பெரும்பாலானோர் திருப்பியும் கொடுக்கிறார்கள்.

எழுபத்து நான்கு வயதான என் தாயார் கோடையில் தூங்க முடியாமல் தவிக்கிறார். ஏசி வாங்கலாம் என்றால், புவி வெப்பமடைவதற்கு நாமும் காரணமாகிவிடுவோமே என்று மனம் உறுத்துகிறது.
– வேலூரிலிருந்து ஒரு வாசகர்

வாங்குங்கள் ஐயா, இந்தக் கோடைக்கே வாங்கிவிடுங்கள். வேலூர் வெயிலில் ஒரு மூதாட்டியைத் தவிக்கவிட்டுத்தான் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த அறமும் கேட்காது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது நட்சத்திரக் குறியீடு கூடியதாகப் பாருங்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் இருக்கிறது. அதை 18-க்குக் குறைக்காமல், 26-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடலுக்கும் இதம், மின்கட்டணமும் குறையும். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு கசிந்து வெளியேறினால், அது கார்பன் டை ஆக்சைடைப் போலப் பல நூறு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆண்டுதோறும் ‘கேஸ் நிரப்ப வேண்டும்’ என்று பழுது பார்ப்பவர் சொன்னால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். நிரப்புவதற்கு முன் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். மேல்தளத்து வீடாக இருந்தால், மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது நம் முன்னோர் அறிந்த வழி. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் அறைக்குள் இறங்கும் சூடு நிச்சயம் குறையும்.

மனம் உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுத்தலை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். நம் ஏசி வெளியே தள்ளும் சூட்டில் நின்று இளநீர் வெட்டுகிறவரும், நடுப்பகலில் கம்பி கட்டுகிற கட்டடத் தொழிலாளியும் ஏசி வாங்கப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நிழல், குடிநீர், உச்சி வெயில் நேரத்தில் வேலைக்கு இடைவேளை. சாலை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் புளிய மரத்துக்காக உங்கள் ஊரில் யாராவது குரல் கொடுத்தால், நீங்களும் போய் அருகில் நில்லுங்கள்.

எல்லாக் கட்சியும் ஒன்றுதான், எவர் வந்தாலும் மலையும் ஆறும் போகத்தான் போகின்றன என்று சொல்லி, முதல் முறை வாக்காளனான என் மகன் வாக்களிக்கவே மாட்டேன் என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. மேலூருக்குப் பக்கத்து அரிட்டாபட்டிக்கு மகனை ஒருநாள் அழைத்துப் போங்கள். ஏழு மலைகள், குடைவரைக் கோயில், சமணர் படுகை, பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கல்வெட்டு, மலையடியில் வரிசையாக ஏரிகள், சுனைகள், உச்சியில் வல்லூறுகள் என்று ஈராயிரம் ஆண்டு வாழ்க்கை ஒரே இடத்தில் கிடக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்த நிலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமம் ஏலத்தில் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போயிருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

அடுத்து நடந்ததைத்தான் உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் ஊராகக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. ஏலத்தின்போது மாநிலம் ஏன் பேசாமல் இருந்தது என்று ஒரு தரப்பும், ஒன்றிய அரசு ஏன் கொடுத்தது என்று மறு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தபோது, மேலூர் மக்கள் இரு தரப்பையும் விடவில்லை. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான விவசாயிகள், பெண்கள், வணிகர்கள் மதுரையை நோக்கி நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இதில் எந்தக் கட்சிக்குப் பெருமை என்று சண்டையிடுகிறவர்கள் சண்டையிடட்டும். அறிவித்ததிலிருந்து ரத்தாகும் வரை மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த வேகத்துக்குக் காரணம் அந்த ஊர் மக்கள்.

கட்சிகள் எல்லாம் ஒன்றுதான் என்பதை நான் ஏற்கவில்லை. எந்தக் கட்சியும் தானாகச் செய்துவிடும் என்பதையும் ஏற்கவில்லை. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. அது ஒரு கட்சியின் ஆட்சி. அதே படுகைப் பகுதியை ஒட்டி மூன்று நிலக்கரித் தொகுதிகள் 2023-இல் ஏலப் பட்டியலில் இடம்பெற்றபோது எதிர்த்துக் கடிதம் எழுதி நீக்க வைத்தது வேறு கட்சியின் ஆட்சி. இரண்டுக்கும் பின்னால் பல ஆண்டுகளாகக் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துக் கதிராமங்கலம், நெடுவாசல் போன்ற ஊர்கள் நடத்திய போராட்டம் இருக்கிறது. தோற்ற கதைகளும், உயிர் கொடுத்த கதைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை எண்ணும்போது என் கை இப்போதும் நடுங்குகிறது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் எத்தனையோ கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். கிராம சபை தீர்மானம் போட்டாலே ஒரு திட்டம் நின்றுவிடும் என்ற சட்டப் பலம் இன்று இல்லை. அது வேண்டும் என்று கேட்பதும் அரசியல்தான்.

வாக்களிப்பது ஐந்தாண்டில் ஒருநாள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நாள் எதுவோ, அன்றைக்கு மகனை அழைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கும்போது எழுந்து ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வாக்குச்சாவடிக்கு அவனே போவான் என்று நம்புகிறேன்.

தீபாவளிக்குப் பட்டாசு வேண்டாம் என்று குழந்தைகளிடம் சொல்கிறோம். எல்லோரும் இப்படி நிறுத்திவிட்டால் சிவகாசித் தொழிலாளர்கள் என்ன ஆவார்கள்?
– விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பட்டாசை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி இது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நகரத்தின் நுரையீரலுக்கு அது நல்லது. அதன் விலையில் ஒரு பங்கைச் சிவகாசி வட்டாரத்தின் வறண்ட கரிசல் காட்டுக் குடும்பங்கள் கொடுத்தன. அந்தத் தொழிலிலேயே அவர்கள் பத்திரமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை விபத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் ஆண்டு தவறாமல் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. மாற்று வேலைக்கான பயிற்சியும், அதுவரைக்கும் உதவித்தொகையும் அரசு தர வேண்டும் என்று கேட்காமல் பட்டாசுக்குத் தடை மட்டும் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குழந்தைகளிடம் சொல்வதற்குச் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய் மரங்களில் கூடு கட்டும் நத்தைகொத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மிரண்டு போகக் கூடாது என்பதற்காக, பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு எவரும் வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் வெடி கிடையாது. எந்த நீதிமன்றமும் அவர்களைக் கேட்கவில்லை. ஊரே கூடி எடுத்த முடிவு அது.

எங்கள் ஊர் பனியனை உலகமே உடுத்துகிறது. ஆனால் நொய்யலைப் பார்க்கும்போது இனி புதுத் துணியே எடுக்கக் கூடாது என்று தோன்றுகிறது. இது சரியா?
– திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஓர் ஆற்றை நாம் என்ன செய்தோம் என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட அணை அது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதில் சாயக்கழிவு தேங்கி, கிணறுகளிலும் உப்பேறி, அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. அணை கட்டச் சொல்லிப் போராடிய உழவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு ஏராளமாகச் சேர்க்க வேண்டும். துணியை அலசும்போது அந்த உப்பு அத்தனையும் நீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்குமே தவிர உப்பை நீக்காது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாறத் தொடங்கின. அந்த இடைக்காலத்தில் வேலை இழந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள்.

புதுத் துணியே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குறைவாக எடுங்கள், கிழியும் வரை உடுத்துங்கள், கிழிந்தால் தைத்து உடுத்துங்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்குச் செலவு உண்டு. நூறு ரூபாய்க்கு மூன்று பனியன் என்று விற்கும்போது அந்தச் செலவை யாரோ ஒருவர் ஏற்றிருக்கிறார்: தையல்காரப் பெண்ணோ, ஆற்றோரத்து விவசாயியோ. ராத்திரி மழையில் யாராவது நிறமேறிய தண்ணீரைத் திறந்துவிட்டால், படம் எடுத்து, நாளும் நேரமும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. இருந்தும் கோடையில் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஏன்?
– சென்னையிலிருந்து ஒரு வாசகர்

தொட்டியின் மூடியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் சட்டம் வந்தபோது ஊரெங்கும் தொட்டி கட்டினோம். கட்டியதைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு எவரும் வரவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. பத்தாயிரம் லிட்டர் லாரி என்றால் பதினான்கு லாரி. தொட்டியில் போட்ட மணலும் ஜல்லியும் சேறு பிடித்து இறுகியிருந்தால் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். மேல் மணலை அள்ளி எறிந்துவிட்டுப் புது மணல் போடுங்கள், ஜல்லியைக் கழுவிப் போடுங்கள், மாடிக் குழாயின் வாயில் சருகு அடைக்காமல் வலை கட்டுங்கள், முதல் மழை நீரை வெளியே விடும் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு ஆட்களும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் போதும்.